தெளிந்த நீரின் அடியில்

கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,320 மீட்டர் உயரத்தில், ஸ்கை பாண்ட் என்றோர் ஏரி இருக்கிறது. அங்கே போகச் சாலை கிடையாது. கிளேசியர் கார்ஜ் என்னும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஆல்பர்ட்டா அருவியைக் கடந்து, ‘தி லாக்’ என்ற ஏரியின் கரையோரமாக நடந்து, டிம்பர்லைன் அருவிக்குப் பக்கத்தில் நீர் சொட்டும் பாறையைக் கைகளால் பற்றி ஏறினால் முதலில் ஒரு சிறிய ஏரியும், அதற்கு மேலே ஸ்கை பாண்டும் வரும். போவதற்கு மட்டும் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஏரியைச் சுற்றிச் செங்குத்துப் பாறைகள் நிற்கின்றன. அவற்றின் மேலே டெய்லர் பனியாறு தெரியும். கோடையின் நடுவிலும் பாறை இடுக்குகளில் பழைய பனி கிடக்கும்.

முதன்முறை அங்கே போய்ச் சேர்ந்தபோது கரையில் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் பார்த்தேன். அடியில் கிடந்த கற்களின் விளிம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. ஊரும் இல்லை, வயலும் இல்லை, ஆலையும் இல்லை. 1915ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வரும் மலை. மனிதனின் கை படாத நீர் என்று ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு தவறு. நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்த ஏரியின் இயல்பு மாறிப்போயிருந்தது. அது மாறியதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஏரியின் அடிச்சேற்றில் கிடந்த டயாட்டம் ஓடுகள்தாம் அதைப் பிற்பாடு சொல்லின.

டயாட்டம் என்பது ஒற்றைச் செல் பாசி. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். மற்ற பாசிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இதன் உடற்சுவர். நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை உறிஞ்சி, கண்ணாடியை ஒத்த ஓர் ஓட்டைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. ஓடு இரண்டு பாதிகளால் ஆனது. வெற்றிலைச் செல்லத்தின் மூடி அடிப்பெட்டியின் மேல் கவிந்திருப்பதுபோல, பெரிய பாதி சிறிய பாதியின் மேல் கவிந்திருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு சேயும் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி ஒரு புதிய பாதியைச் செய்துகொள்ளும். இதனால் அடிப்பெட்டியை வாங்கிய சேய் தாயைவிடச் சற்றே சிறுத்துப்போகும். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துக்கொண்டே வந்து, ஓர் எல்லைக்குப் பிறகு ஓட்டைக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் பாலினப் பெருக்கத்தின் வழியாக, மறுபடியும் முழு அளவுக்கு வளர்ந்துகொள்ளும். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இவை செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கடலும் ஏரியும் இவற்றின் வயல்.

நான் தாவரவியல் படித்தது ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில். பாசியியல் வகுப்பில் டயாட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது இரண்டு மணி நேரம்தான். ஆனால் அதை நடத்திய ஆசிரியை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.வி. தேசிகாச்சாரி இந்தியக் கடல்களின் டயாட்டங்களை நுண்ணோக்கியில் படமெடுத்து, 1980களில் தொகுதி தொகுதியாக வெளியிட்டதைப் பற்றி அவ்வளவு பெருமையோடு பேசினார். ஓட்டின் மேல் வரிசை வரிசையாக இருந்த துளைகளை அந்தப் படங்களில் பார்த்தபோது, வாசலில் அம்மா வைக்கும் புள்ளிக்கோலத்தை யாரோ கண்ணாடியில் குத்தி வைத்ததுபோல் இருந்தது. அந்தத் துளைகளின் வரிசையும் இடைவெளியும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஓடு கிடைத்தால் போதும், பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். உயிர் போய், உள்ளிருந்த பச்சையம் மக்கிப்போன பிறகும், ஓடு பல ஆயிரம் ஆண்டுகள் சேற்றில் அப்படியே கிடக்கும். ஏரியியலாளர்கள் இந்தச் சிற்றுயிரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த இரண்டு குணங்களே காரணம்.

மூன்றாவது குணம் ஒன்றும் உண்டு. டயாட்டங்கள் தண்ணீரைத் தேர்ந்து வாழ்பவை. சில இனங்களுக்கு அமிலத் தன்மையுள்ள நீர் வேண்டும். சிலவற்றுக்கு அது ஆகாது. சத்து மிகுந்த நீரில் கொழிப்பவை உண்டு, சத்தில்லாத நீரில் மட்டுமே தலைகாட்டுபவையும் உண்டு. இதை முறைப்படி வகுத்துச் சொன்னவர் ஃப்ரீட்ரிஷ் ஹுஸ்டெட் என்ற ஜெர்மானியர். பிரேமன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1928, 29ஆம் ஆண்டுகளில் ஜாவா, சுமத்ரா, பாலித் தீவுகளில் சேகரித்து வந்த மாதிரிகளைப் பார்த்து, எந்த இனம் எந்த அளவு அமிலத்தில் அல்லது காரத்தில் வாழ்கிறது என்ற பகுப்பை 1930களின் இறுதியில் அவர் வெளியிட்டார். ஐரோப்பாவின் குளிர்ந்த மலை ஏரிகளில் அமில மழையைக் கண்டுபிடிக்க ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு பயன்பட்ட அளவுகோல், வெப்பமண்டலத் தீவுகளின் ஏரிகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி வரும்.

அந்த அளவுகோலின் பெரிய சோதனை ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், காலோவே மலைப்பகுதியில் நடந்தது. கருங்கல் நிலம், அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்பு அதில் இல்லை. ஏரிகளில் மீன் அற்றுப்போயிருந்தது. நிலக்கரி மின்நிலையங்களின் புகை காரணமா, மலைச்சரிவில் நட்ட ஊசியிலைக் காடுகள் காரணமா, மேய்ச்சல் நிலத்தை எரிக்கும் வழக்கம் குறைந்தது காரணமா என்று ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. லண்டனைச் சேர்ந்த ரோஜர் ஃப்ளவரும் ரிக் பேட்டர்பியும் அங்கிருந்த ஏரிகளின் சேற்றைத் தூணாக எடுத்து, அடுக்கடுக்காக டயாட்டங்களை எண்ணி, 1983இல் முடிவை வெளியிட்டார்கள். காடே நடப்படாத வடிநிலத்தைக் கொண்ட ரவுண்ட் லாக் ஆஃப் க்ளென்ஹெட் என்ற ஏரியிலும், அமிலம் ஆகாத இனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே பின்வாங்கத் தொடங்கியிருந்தன. அமிலத்தை விரும்பும் இனங்கள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. காடு நட்டதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது என்றால் காடு காரணமாக இருக்க முடியாது. தொழிற்புரட்சியின் புகையும் அந்த ஓடுகளும் ஒரே காலத்தைக் காட்டின. வாதம் உடனே ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் அதன் பிறகு யாரும் சேற்றைக் கணக்கில் கொள்ளாமல் பேச முடியவில்லை.

சேற்றுக்கு ஆண்டு குறிப்பது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணிலுள்ள யுரேனியம் சிதையும்போது இடையில் ரேடான் என்ற வாயு உண்டாகிக் காற்றில் கலக்கிறது. அது மேலும் சிதைந்து ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயமாகி, மழையோடும் பனியோடும் ஏரியில் இறங்கிச் சேற்றில் சேர்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள். கீழே போகப் போக அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால், ஏறத்தாழ 150 ஆண்டுகள் வரைக்கும் ஒவ்வோர் அடுக்கும் எப்போது படிந்தது என்று சொல்லிவிடலாம். நமக்கு வேண்டிய காலம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

கொலராடோவுக்குக் குடிவந்த பிறகு, இரண்டு குளிர்காலங்கள் ஓர் ஆய்வகத்தில் சம்பளமில்லாத உதவியாளாக இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அறிவியல் செய்தியாக வரும் ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு கைவேலை இருக்கிறது என்பது படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஏரியின் ஆழமான இடத்தில் ஒரு கண்ணாடிநார்க் குழாயை இறக்கிச் சேற்றைத் தூணாக மேலே எடுப்பார்கள். மேற்பரப்பு கலங்கிவிட்டால் கடைசிப் பத்திருபது ஆண்டுகள் குழம்பிப்போகும் என்பதால், அதைக் கரைக்குக் கொண்டுவரும் வரைக்கும் நிமிர்த்தியே பிடித்திருக்க வேண்டும். பிறகு கீழிருந்து மெல்ல மெல்லத் தள்ளி, மேலே வரும் சேற்றைத் தகட்டால் அரை சென்டிமீட்டர், கால் சென்டிமீட்டராக வழித்து எடுத்து, தனித்தனிப் பைகளில் போட்டு எண் எழுத வேண்டும். இந்த ஏரிகளில் சேறு மிக மெதுவாகப் படிகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலம் முழுவதும் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். கை ஒருமுறை நடுங்கினால் பத்து ஆண்டு போய்விடும்.

பையிலிருந்து ஒரு சிட்டிகைச் சேற்றை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடில் போட்டுச் சூடேற்றினால், நுரைத்துப் பொங்கி, மக்கிய பொருளெல்லாம் எரிந்துபோகும். பிறகு காய்ச்சி வடித்த நீரை ஊற்றுவதும், ஓடுகள் அடியில் தங்கும்வரை காத்திருப்பதும், மேல் நீரை வடிப்பதும், மறுபடி ஊற்றுவதுமாகச் சில நாள் போகும். கடைசியில் அரிசி களைந்த கழுநீரைப் போல வெண்மையாக ஒரு கலங்கல் மிஞ்சும். அதில் ஒரு சொட்டை மெல்லிய கண்ணாடி வில்லையில் விட்டு உலர்த்தி, ஒரு பிசினில் பதிக்க வேண்டும். சாதாரணப் பிசின் உதவாது. ஓடும் கண்ணாடி, வில்லையும் கண்ணாடி; நடுவில் இருக்கும் பொருளும் அவற்றைப் போலவே ஒளியை வளைத்தால் ஒன்றுமே தெரியாது. ஒளியை அதிகமாக வளைக்கும் தனிப் பிசின் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் பதித்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அந்தப் புள்ளிக்கோலங்கள் எழுந்து வரும். ஒரு ஸ்லைடில் நானூறு ஓடுகளாவது பெயர் சொல்லி எண்ணினால்தான் ஓர் அடுக்கின் கணக்கு முடியும். பிறகு அடுத்த அடுக்கு.

அஸ்டெரியொனெல்லா ஃபார்மோசா என்ற இனத்தை நான் முதலில் சரியாகப் பார்த்தது அங்கேதான். உயிரோடு இருக்கும்போது இதன் செல்கள் எட்டுப் பத்தாக ஒரு மையத்தில் ஒட்டிக்கொண்டு, நட்சத்திரம்போல் நீரில் மிதக்கும். பெயரிலேயே நட்சத்திரம் இருக்கிறது. பெராக்சைடில் வெந்த பிறகு நட்சத்திரம் உதிர்ந்துவிடும். தனித்தனி ஊசிகள்தாம் கிடைக்கும். ஊசியின் ஒரு முனையில் பெரிய குமிழ், மறு முனையில் சிறிய குமிழ். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காத வடிவம். எனக்குக் கொடுத்த பயிற்சி ஸ்லைடுகளில் கீழடுக்கில் இந்த ஊசியைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மேலடுக்கில் தேடவே வேண்டியிருக்கவில்லை. நுண்ணோக்கியின் பார்வை வட்டத்தில் எப்போதும் ஒன்றாவது கிடந்தது. ஒரு புத்தகத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வேறு வேறு கைகள் எழுதியதுபோல இருந்தது.

ஸ்கை பாண்டும் லாக்கும் இருக்கும் பள்ளத்தாக்கை லாக் வேல் என்பார்கள். அங்கே வானத்திலிருந்து என்ன இறங்குகிறது, ஓடையில் என்ன போகிறது என்பதை 1980களின் தொடக்கத்திலிருந்து விடாமல் அளந்து வருகிறார்கள். அந்த வேலையைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் ஜில் பேரன் என்ற சூழலியலாளர். அளக்கத் தொடங்கும்போதே ஒரு குறை இருந்தது: 1983இல் ஏரி எப்படி இருந்தது என்று தெரியும், அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாது. முதல் நாள் எடுத்த அளவையே இயல்பு என்று கொள்ளும் ஆபத்து எல்லாக் கண்காணிப்புக்கும் உண்டு. அலெக்சாண்டர் உல்ஃப் என்பவரும் பேரனும் அவர்களுடைய குழுவினரும் சேற்றுத் தூண்களை எடுத்து, 2001லும் 2003லும் வெளியிட்ட ஆய்வுகள் அந்தக் குறையைத் தீர்த்தன. பூங்காவில் 3,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஐந்து ஏரிகளைப் பார்த்தார்கள். சத்துக் குறைந்த குளிர்நீருக்கே உரிய டயாட்டங்கள் நீண்ட காலமாக இருந்துவந்த இடத்தில், இருபதாம் நூற்றாண்டில், குறிப்பாக 1950ஐ ஒட்டிய காலத்திலிருந்து, அஸ்டெரியொனெல்லா ஃபார்மோசாவும் ஃப்ராஜிலேரியா குரோட்டோனென்சிஸ் என்ற இன்னொன்றும் பெருகியிருந்தன. சேற்றிலிருந்த நைட்ரஜனின் ஐசோடோப்பு விகிதமும், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அதன் அணுக்கள் கலந்திருக்கும் விகிதமும், அதே காலத்தில் மாறியிருந்தது.

இந்த இரண்டின் பெயர்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அஸ்டெரியொனெல்லா ஃபார்மோசாவுக்குப் பெயர் வைத்தவர் ஆர்தர் ஹில் ஹாசால் என்ற மருத்துவர். 1850இல் லண்டன் மக்களுக்குக் குழாயில் வந்த குடிநீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் என்னென்ன நெளிகிறது என்று வெளியிட்டபோது விவரித்த உயிர் இது. ஃப்ராஜிலேரியா குரோட்டோனென்சிஸின் பெயரில் இருக்கும் குரோட்டன், நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தந்த குரோட்டன் நீர். இரண்டுமே நகரத்தின் தண்ணீரில் மனிதனுக்கு அறிமுகமானவை. நூறு ஆண்டு கழித்து, ஒரு வீடுகூட இல்லாத மலைமுகட்டு ஏரியில் அவை பெருகிவிட்டன. இந்தச் செய்தியைச் சேர்த்துப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் மனம் ஆறவில்லை.

ஏன் இந்த இரண்டு மட்டும்? இதற்கு 1970களின் நடுவிலேயே டேவிட் டில்மன் என்ற சூழலியலாளர் செய்த சோதனை ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தது. அஸ்டெரியொனெல்லாவையும் சைக்ளோடெல்லா என்ற வேறொரு டயாட்ட வகையின் இனம் ஒன்றையும் ஒரே குடுவையில் வளர்த்து, பாஸ்பரஸையும் சிலிக்காவையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். பாஸ்பரஸ் பற்றாக்குறையானால் அஸ்டெரியொனெல்லா வென்றது. சிலிக்கா பற்றாக்குறையானால் மற்றது வென்றது. அதாவது மிகக் குறைந்த பாஸ்பரஸை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தத் தெரிந்த உயிர் அஸ்டெரியொனெல்லா. மலை ஏரிகளில் முன்பு பாஸ்பரஸும் குறைவு, நைட்ரஜனும் குறைவு. பாஸ்பரஸை விட்டுவிட்டு நைட்ரஜனை மட்டும் கூட்டினால், காத்திருந்ததுபோல் எழுவது இதுவாகத்தான் இருக்கும். மோன்டானா, வயோமிங் எல்லையிலுள்ள பேர்டூத் மலை ஏரிகளின் நீரை எடுத்து, நைட்ரஜன் சேர்த்துப் பார்த்த சோதனைகளிலும் இவை இரண்டும் நன்றாக வளர்ந்தன. ஆகவே ஏரிக்குள் வந்தது நைட்ரஜன். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சக் கேள்வி.

ஒரு கோடையில் அப்பா எங்களோடு வந்து மூன்று மாதம் இருந்தார். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் நெல்லுமாக நாற்பது ஆண்டு விவசாயம் பார்த்தவர். ஃபோர்ட் காலின்ஸிலிருந்து கிழக்கே கிரீலி நகரத்துப் பக்கம் ஒருநாள் போனோம். அங்கே ஒரே பட்டியில் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். பட்டி கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. அப்பா வண்டியின் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “இத்தனை மாட்டையும் ஒரே எடத்துல கட்டுனா கோமியமெல்லாம் எங்க போகும் சாமி?” என்று கேட்டார்.

“கொஞ்சம் மண்ணுல எறங்குதுங்கப்பா. கொஞ்சம் காத்துல போயிருது.”

“காத்துல போறது எங்க எறங்கும்?”

மேற்கே கைகாட்டினேன். மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது.

மாட்டின் சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகிக் காற்றில் ஏறுகிறது. வயலில் போடும் உரத்திலிருந்தும் அம்மோனியா எழுகிறது. டென்வரைச் சுற்றி ஓடும் வண்டிகளும் மின்நிலையங்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளை விடுகின்றன. வழக்கமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால் இவை சமவெளிப் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் சில நாட்களில், அதிலும் வசந்தத்திலும் கோடையிலும், காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து மலையேறும்; ஏறிக் குளிர்ந்து மேகமாகி, மழையாகவும் பனியாகவும் கொட்டும். உல்ஃபும் பேரனும் ஆராய்ந்த ஐந்து ஏரிகளில் எல்லாவற்றிலும் மாற்றம் இருந்தாலும், மழைநீர் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்தோடும் மலைமுகட்டுக்குக் கிழக்கே, அதாவது நகரங்களையும் பட்டிகளையும் பார்த்த பக்கத்தில் இருந்த ஏரிகளில் அது பெரிதாகவும், மேற்கே இருந்தவற்றில் சிறிதாகவும் இருந்தது. வெப்பநிலை மட்டுமே காரணமென்றால் மலையின் இரு பக்கத்துக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்க நியாயமில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் உயிர்நாடி இந்த ஒப்பீடுதான்.

அடுத்து பேரன் செய்தது, ஓடுகளின் கணக்கை ஓர் எண்ணாக மாற்றியது. டயாட்டங்கள் மாறத் தொடங்கிய 1950 முதல் 1964 வரையிலான காலத்தில் மழையிலும் பனியிலும் கரைந்து எவ்வளவு நைட்ரஜன் இறங்கியிருக்கும் என்று, பிற்காலத்து அளவுகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி விடை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1.5 கிலோ. அதற்கு மேல் போனால் இந்த ஏரிகள் தாங்காது. அவர் இந்தக் கணக்கைப் போட்டபோது உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தது சுமார் 3 கிலோ.

இதை அப்பாவுக்குச் சொல்லும்போது யூரியாக் கணக்கில் சொன்னேன். 1.5 கிலோ நைட்ரஜன் என்பது ஏக்கருக்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியா. அதுவும் ஆண்டு முழுவதற்கும். தமிழ்நாட்டில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் போடச் சொல்கிறார்கள். அதில் நூறில் ஒரு பங்கு. “அது ஒரு பாத்திக்குக் காணாதே” என்றார். அந்தப் பள்ளத்தாக்கில் மண் என்று சொல்ல அதிகமில்லை, பெரும்பகுதி வெறும் பாறை, உறிஞ்சிக்கொள்ளச் செடி கொடி இல்லை, பனி உருகினால் அப்படியே ஏரிக்குள் வந்துவிடும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, “நெல்லுல யூரியா போட்டா பயிருக்கு முன்னால களைதான் எந்திரிக்கும் சாமி. அந்த மாதிரின்னு சொல்லு” என்றார். அஸ்டெரியொனெல்லா களை அல்ல. அதுவும் உலகின் பல ஏரிகளில் இயல்பாக வாழும் உயிர்தான். ஆனாலும் அவர் சொன்னதைவிடச் சரியாக அந்த நிகழ்வை விளக்கும் ஒரு வாக்கியம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த நைட்ரஜனால் யாருக்கும் வயிற்றுவலி வராது. அமெரிக்கச் சட்டம் குடிநீருக்கு அனுமதிக்கும் நைட்ரேட்டின் அளவு, நைட்ரஜனாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 10 மில்லிகிராம். லாக் வேல் நீரில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குடிநீர்ச் சட்டத்தின்படி அது மாசற்ற நீர். மனிதனின் வயிற்றை அளவுகோலாகக் கொண்டு ஓர் ஏரியின் நலத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு குறைபாடான பழக்கம் என்று நான் உணர்ந்தது இந்த எண்களைப் பார்த்துத்தான். ஏரியின் உணவுச் சங்கிலி பாசியில் தொடங்குகிறது. அடிப்படி மாறிய பிறகு மேற்படிகள் பழையபடி இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

2007இல் கொலராடோ மாநிலமும் தேசியப் பூங்கா நிர்வாகமும் மத்தியச் சூழல் பாதுகாப்பு முகமையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2032ஆம் ஆண்டுக்குள் லாக் வேலில் மழை, பனி வழியே இறங்கும் நைட்ரஜனை 1.5 கிலோவாகக் குறைப்பது இலக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு படி இறங்க வேண்டும். சேற்றிலிருந்த ஓடுகளை எண்ணிக் கிடைத்த எண் ஓர் அரசுத் திட்டத்தின் இலக்காக உட்கார்ந்திருக்கிறது. 2012க்கு வைத்த முதல் படி 2.7 கிலோ, அதையே எட்ட முடியவில்லை. வண்டிப் புகைக்கு வந்த கட்டுப்பாடுகளால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைந்தாலும், அம்மோனியாவுக்கு அப்படியொரு கட்டுப்பாடு இல்லாததால் ஒரு பக்கம் குறைந்ததை மறுபக்கம் ஈடுகட்டிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் ஒரு முயற்சியைச் சொல்லாமல் விடக்கூடாது. காற்று கிழக்கிலிருந்து மலையேறப் போகிறது என்று வானிலைக் கணிப்பு காட்டும் நாட்களில், பட்டிக்காரர்களுக்கும் பயிர் செய்பவர்களுக்கும் முன்கூட்டியே செய்தி அனுப்பும் ஏற்பாடு 2014 முதல் இருக்கிறது. முடிந்தவர்கள் அன்று எருவைக் கிளறாமல், உரம் போடாமல் தள்ளிவைக்கிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்தும் ஏற்பாடு அல்ல.

டயாட்டங்கள் எல்லா இடத்திலும் நைட்ரஜனைப் பற்றியே பேசுகின்றன என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகளின் தூண்களை ஒருங்கே பார்த்து கேத்லீன் ரூலாண்ட், ஜான் ஸ்மோல் முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பல ஏரிகளில் சைக்ளோடெல்லா போன்ற சிறிய, மிதந்து வாழும் இனங்கள் கூடியிருந்தன. பனிக்கட்டி மூடியிருக்கும் காலம் குறைந்து, கோடையில் மேல்நீர் சூடேறி அடிநீரோடு கலக்காமல் நிற்பது நீண்டால், கனத்த ஓடுள்ளவை மூழ்கிவிடும், இலேசானவை மிதந்து வெல்லும். அது வெப்பமயமாதலின் கையெழுத்து. லாக் வேலிலும் இரண்டும் இப்போது பின்னிக்கொள்கின்றன. கோடை வெப்பத்தில் பாறைக் குவியலுக்குள் உறைந்திருந்த பழைய பனி உருகி, அதோடு கூடுதல் நைட்ரேட்டும் ஓடைக்கு வருகிறது. அண்மைக் காலத்தில் டயாட்டங்களைத் தாண்டி, பச்சைப் பாசிகளும் இந்த ஏரிகளில் கூடியிருக்கின்றன. எது எவ்வளவுக்குக் காரணம் என்று பிரிப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. 1950இல் தொடங்கிய கணக்கு சேற்றில் இல்லாமல் இருந்திருந்தால் பிரிக்கவே முடியாமல் போயிருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து மலை ஏரிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஊட்டி ஏரி 1820களிலும் கொடைக்கானல் ஏரி 1860களிலும் கட்டப்பட்டவை. அவற்றின் சேற்றில் அணை கட்டிய நாளுக்கு முந்தைய ஏரி இருக்க வழியில்லை. அதற்குப் பிந்தைய காலம் இருக்கும், அதுவும் சிறிதல்ல.

ஏப்ரலில் ஒரு நாள், அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்தபோது மலை தெரியவில்லை. காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. பட்டிகளின் மெல்லிய வாடை நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஸ்கை பாண்டின் உறைந்த மேற்பரப்பில் ஈரப்பனி கனமாக விழும். ஜூனில் அது உருகி நீரோடு சேரும். ஓடுகளைப் பிடிக்கும் கலன் ஒன்றை ஓர் ஆண்டு முழுவதும் அந்த ஐந்து ஏரிகளில் ஒன்றுக்குள் தொங்கவிட்டுப் பார்த்ததில், நைட்ரேட் உச்சத்தில் இருக்கும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான் அஸ்டெரியொனெல்லாவும் ஃப்ராஜிலேரியாவும் மிகுதியாக விழுந்தன. இந்த ஆண்டுக்குரிய ஓடுகளும் அப்படித்தான், பனிக்கட்டிக்குக் கீழே, யாரும் பார்க்காமல் இறங்கும். 2032க்குப் பிறகு யாராவது அங்கே குழாயை இறக்கி, மேல் அரை சென்டிமீட்டரை வழித்தெடுத்து, பெராக்சைடில் வேகவைத்து, ஒரு முனையில் பெரிய குமிழும் மறு முனையில் சிறிய குமிழும் கொண்ட ஊசிகள் நானூற்றில் எத்தனை என்று எண்ணுவார்கள்.